பொருந்தினால் மட்டும் போதுமா?



சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில், அரக்கோணத்தை நெருங்கும்போது வரும் ஊர் திருவாலங்காடு. நடராசரின் இரத்தின சபை இருக்கும் ஊர் என்று பலரும் அறிவர். சுற்றுவட்டாரம் கரும்பு விளையும் பூமி. திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நிறுவப்பட்டதும் இவ்வூரில்தான். கரும்பு வெட்டும் காலத்தில் இப்பகுதிச் சாலையோரம் நின்று, போகும் வண்டிகளின் சக்கரங்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

மாட்டு வண்டிக்கு ஒரே இரும்பு அச்சு. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் வண்டி முழுவதும் சாய்கிறது. லாரியிலும் பின் அச்சு ஒரே துண்டுதான். ஆனால் அச்சுக்கும் உடலுக்கும் நடுவே கமான் பட்டைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அச்சு சாய்ந்தாலும் உடல் அவ்வளவு சாய்வதில்லை. இவற்றுக்கிடையே ஒரு கார் போகிறது. அதன் முன் சக்கரங்களில் ஒன்று மேட்டில் ஏறினால் மற்றது அதைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்குகிறது.

மூன்று வண்டிகள், மூன்று ஏற்பாடுகள். இப்போது ஒரு கேள்வி. ஒரு வண்டியின் அச்சையோ, கியரையோ, கமான் பட்டையையோ கழற்றி, வேறொரு வண்டியில் மாட்டினால் என்ன ஆகும்? போல்ட் போடும் துளைகள் சரியாக அமைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று பட்டறைகளில் சிலர் நினைப்பதுண்டு. அது சரிதானா? இந்தக் கேள்விக்கு விடை காண, ஒரே குடும்பத்தில் பிறந்த சில கார்களை எடுத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை நம் சென்னையில் வளர்ந்தது.

ஒரே சட்டத்தில் பல கார்கள்

1959-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு-டிரயம்ஃப் நிறுவனம் 'டிரயம்ஃப் ஹெரால்டு' என்ற சிறிய காரை வெளியிட்டது. அக்காலத்தில் பல கார்கள் சட்டமும் உடலும் ஒன்றாகச் சேர்ந்த ஒரே கூடாகச் செய்யப்பட்டு வந்தன. ஹெரால்டு அப்படியல்ல. அடியில் தனியான எஃகுச் சட்டம். அதன்மேல் தனித்தனித் துண்டுகளாக உடல். எல்லாம் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. முழுக்கூட்டைச் செய்து தருவதற்குத் தக்க ஆலை அந்நிறுவனத்துக்குக் கிடைக்காததே இதற்கு முக்கியக் காரணம்.

ஆனால் அந்தக் குறையே நிறையாயிற்று. சட்டம் தனியாக இருந்ததால் அதன் நீளத்தைக் குறைத்து, மேலே வேறு உடலைப் பூட்டி, புதுக் கார் செய்வது எளிதாயிற்று. 1962-இல் அவ்வாறு பிறந்ததுதான் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் இரண்டு பேர் அமரும் விளையாட்டுக் கார். 1966-இல் அதே அடிப்படையில், ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 'ஜி.டி.6' வந்தது. ஸ்பிட்ஃபயர் பல தலைமுறைகளாக மாறி 1980 வரை உற்பத்தியாயிற்று.

இதே ஹெரால்டு 1961-இல் சென்னைக்கு வந்தது. வண்டலூருக்கு அருகில் பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் அது செய்யப்பட்டது. உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். முன்மூடி முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்தச் சிறிய காரை அவர் நினைவு வைத்திருக்கக் கூடும்.

ஆக, ஒரே குடும்பம். ஒன்றின் உறுப்பு மற்றொன்றில் பெரும்பாலும் ஏறும். ஜி.டி.6-இன் பின் அச்சை ஸ்பிட்ஃபயரில் மாட்டலாம். புதிய ஸ்பிட்ஃபயரின் கமான் பட்டையைப் பழையதில் மாட்டலாம். பழைய கார்களைப் பேணுவோர் இன்றும் இதைச் செய்கிறார்கள். ஏறுகிறது என்பது உண்மை. ஏறிய பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் அறிவியல்.

பல் எண்ணிக்கை

முதலில் கியர்களைப் பார்ப்போம். எஞ்சினின் சுழற்சி கியர்ப் பெட்டி வழியாக ஒரு நீண்ட தண்டுக்கு வந்து, பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலை அடைகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பல்சக்கரம், கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியனில் 9 பற்களும் கிரௌன் வீலில் 37 பற்களும் இருந்தால், சக்கரம் ஒரு முறை சுற்ற, தண்டு 37 ÷ 9 = 4.11 முறை சுற்ற வேண்டும். இந்த எண்ணை அச்சு விகிதம் என்போம்.

முதல் ஸ்பிட்ஃபயரின் எஞ்சின் 1147 கன செ.மீ. கொள்ளளவு உடையது, அதன் அச்சு விகிதம் 4.11. கடைசித் தலைமுறையில் எஞ்சின் 1493 கன செ.மீ. ஆக வளர்ந்தது, விகிதம் 3.63 ஆகக் குறைந்தது. இரண்டு லிட்டர் எஞ்சின் கொண்ட ஜி.டி.6-இல் விகிதம் 3.27. எஞ்சின் பெரிதாகப் பெரிதாக விகிதம் குறைந்துகொண்டே வருவதைக் கவனித்தீர்களா? காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

சக்கரம் ஒரு முறை சுற்றினால் கார் 1.75 மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்கிறது. அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1333 மீட்டர். எனவே சக்கரம் நிமிடத்துக்கு 1333 ÷ 1.75 = 762 முறை சுற்றுகிறது. உச்ச கியரில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால்,

விகிதம் 4.11 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3130 சுற்று;
விகிதம் 3.63 என்றால் 2770 சுற்று;
விகிதம் 3.27 என்றால் 2490 சுற்று.

குறைந்த விகிதத்தில் எஞ்சின் நிதானமாக ஓடுகிறது, இரைச்சல் குறைகிறது. அப்படியானால் பழைய சிறிய ஸ்பிட்ஃபயரில் ஜி.டி.6-இன் பின் அச்சை மாட்டிவிட்டால் நல்லதுதானே என்று தோன்றும். பொறுங்கள். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. அச்சு விகிதம் சுழற்சியைக் குறைக்கும் அதே அளவுக்கு முறுக்கு விசையைப் பெருக்குகிறது. 4.11 மடங்கு பெருகிவந்த விசை இப்போது 3.27 மடங்குதான் பெருகும். அதாவது சக்கரத்தைத் தள்ளும் விசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சமதரையில் இது தெரியாது. திருத்தணி மலைப்பாதையில் இரண்டு பேரோடு ஏறும்போது தெரியும்! முன்பு இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இப்போது முதல் கியர் கேட்கும், எஞ்சின் திணறும்.

பந்தயக்காரர்கள் இதை நன்கு அறிவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் 1980-களின் பிற்பகுதி வரை கார்ப் பந்தயங்கள் நடந்தன. பின்னர், 1990-இல், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. நீண்ட நேர்ப்பாதை உள்ள களத்துக்குக் குறைந்த விகிதம். வளைவுகள் நிறைந்து, வளைவுக்கு வளைவு வேகம் பிடிக்க வேண்டிய களத்துக்கு அதிக விகிதம். எல்லாக் களத்துக்கும் ஏற்ற விகிதம் என்று ஒன்று கிடையாது.

இந்த மாற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆபத்தும் உண்டு. இக்கார்களில் வேகமானியைச் சுற்றும் கம்பி கியர்ப் பெட்டியிலிருந்து வருகிறது. அது சக்கரத்தின் வேகத்தை அறியாது. தண்டின் வேகத்தைத்தான் அறியும். 4.11-க்கு ஏற்பச் செய்த வேகமானி, 3.27 விகிதமுள்ள அச்சோடு சேர்ந்தால் என்ன காட்டும்? முள் 80-இல் நிற்கும்போது காரின் உண்மை வேகம் 80 × 4.11 ÷ 3.27, அதாவது மணிக்கு 100 கி.மீ.! ஓட்டுநர் தாம் பத்திரமாகப் போவதாக நம்பிக்கொண்டிருப்பார். வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது என்று படித்திருக்கிறீர்கள். 80 நூறானால் ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல். பிரேக் அடித்தால் வண்டி நிற்கும் தூரமும் அதே அளவு நீளும். ஒரு போல்ட் கூடத் தவறாகப் பூட்டப்படவில்லை. ஆயினும் வண்டி பொய் சொல்கிறது.

வண்டியைத் தூக்கும் அச்சு

இனிச் சக்கரங்களைத் தாங்கும் ஏற்பாட்டுக்கு வருவோம். ஹெரால்டின் பின்பக்கம் மாட்டு வண்டியைப் போல ஒரே அச்சு அல்ல. டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து இடப்பக்கம் ஓர் அரை அச்சு, வலப்பக்கம் ஓர் அரை அச்சு. ஒவ்வொன்றுக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி ஒரே ஒரு மூட்டு. சக்கரத்தின் பக்கம் வளையும் மூட்டு இல்லை. குறுக்கே ஒரு கமான் பட்டை இரண்டையும் தாங்கும். இதை ஊசல் அச்சு எனலாம்.

இது எப்படி இயங்குகிறது என்பதை அறிய எழுந்து நில்லுங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். இரு பக்கச் சுவர்களைத் தள்ளுவதுபோல், விரல்கள் மேல் நோக்க, உள்ளங்கைகளை நிமிர்த்துங்கள். உள்ளங்கைகளே சக்கரங்கள், தோள்களே மூட்டுகள். மணிக்கட்டை அசைக்கக் கூடாது. இப்போது கைகளைச் சற்றுத் தாழ்த்துங்கள். விரல்கள் வெளிப்புறம் சாய, உள்ளங்கையின் அடிப்பகுதி உங்கள் உடலை நோக்கி உள்ளே வருகிறது அல்லவா? காரின் உடல் மேலெழும்போது பின் சக்கரங்கள் இப்படித்தான் அடிப்பக்கம் உள்ளே மடிகின்றன. கைகளைத் தோளுக்கு மேலே உயர்த்தினால் விரல்கள் தலையை நோக்கிச் சாயும். காரில் பாரம் ஏறி உடல் தாழும்போது நடப்பது இதுதான். சக்கரங்கள் அடிப்பக்கம் அகன்று நிற்கும்.

வளைவில் வேகமாகத் திரும்பும்போது இந்த ஏற்பாடு விபரீதமாகிறது. வளைவின் வெளிப்புறச் சக்கரத்தைத் தரை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை தரை மட்டத்தில் செயல்படுகிறது; மூட்டோ அதற்கு மேலே இருக்கிறது. எனவே நெம்புகோல் தத்துவப்படி அந்த விசை சக்கரத்தை உள்ளே மடக்கவும், வண்டியின் உடலை மேலே தூக்கவும் முயல்கிறது.

கணக்கின் எளிமைக்காக மூட்டின் உயரம் 30 செ.மீ., அரை அச்சின் நீளம் 60 செ.மீ. என்று கொள்வோம். பக்கவாட்டு விசை 2000 நியூட்டன். மூட்டைச் சுற்றிய திருப்புத்திறன் 2000 × 30. இதை 60-ஆல் வகுத்தால் 1000 நியூட்டன். ஏறத்தாழ 100 கிலோ எடையை மேலே தூக்கும் விசை! உள்புறச் சக்கரத்தில் இதற்கு எதிரான விளைவு உண்டு. ஆனால் வளைவில் அதன்மேல் பாரம் குறைவு, பிடிப்பும் குறைவு, ஆகவே அது ஈடு செய்யப் போதாது.

உடல் உயர்ந்தால் மூட்டும் உயர்கிறது. மூட்டு உயர்ந்தால் தூக்கும் விசை இன்னும் மிகுகிறது. சக்கரம் மேலும் மடிகிறது, டயர் விளிம்பில் மட்டும் நிற்கிறது, பிடிப்பு அறுகிறது. இந்த நேரத்தில் ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டால் பாரம் முன்பக்கம் சாய்ந்து பின்பக்கம் இன்னும் எழுகிறது. வண்டி சுழன்றுவிடும். மெதுவாகச் செல்லும் ஹெரால்டில் இக்குறை அவ்வளவாக வெளிப்படவில்லை. வேகம் மிக்க ஜி.டி.6-இல் அதே ஏற்பாட்டை வைத்தபோது பலரும் குறை கூறினர். எஞ்சின் வளர்ந்தது, கால் வளரவில்லை.

இரண்டு மாற்று வழிகள்

1968-இல் வந்த இரண்டாம் ஜி.டி.6-இல் பொறியாளர்கள் சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கை ஒன்றை வைத்தனர். மேலே கமான் பட்டை, கீழே அந்தக் கை. அரை அச்சில் வளையம் போன்ற ரப்பர் இணைப்பு ஒன்றையும் சேர்த்தனர். அரை அச்சுக்கு இனிச் சக்கரத்தைத் தாங்கும் வேலை இல்லை. சுற்றும் வேலை மட்டுமே. உங்கள் மணிக்கட்டை அவிழ்த்துவிட்டதுபோல, சக்கரம் ஏறி இறங்கினாலும் பெரும்பாலும் நிமிர்ந்தே நின்றது. நல்ல ஏற்பாடு. ஆனால் உறுப்புகள் அதிகம், செலவும் அதிகம்.

1970-இல் வந்த நான்காம் ஸ்பிட்ஃபயரில் மலிவான வழியைக் கண்டனர். குறுக்குக் கமான் பட்டை அடுக்கில் ஒரு பட்டையை மட்டும் நடுவில் இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் துலாக்கோல்போல் ஊசலாடும்படி விட்டனர். இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறினால் எல்லாப் பட்டைகளும் எதிர்க்கும், பாரம் தாங்கும். உடல் ஒரு பக்கம் சாய்ந்தால் ஊசலாடும் பட்டைகள் எதிர்ப்பதில்லை. இதனால் வளைவில் பின் சக்கரங்களுக்கிடையே பாரம் அதிகம் மாறாது. வெளிச்சக்கரம் உடலைத் தூக்குவதும் குறைகிறது. 1973-இல் ஜி.டி.6-உம் இந்த எளிய முறைக்கே திரும்பிவிட்டது. அதே காலத்தில் ஸ்பிட்ஃபயரின் அரை அச்சுகளும் நீளமாக்கப்பட்டன. மேலே போட்ட கணக்கில் 60 என்ற எண்ணைக் கூட்டிப் பாருங்கள். ஏன் நீளமாக்கினர் என்பது விளங்கும்.

இங்கேதான் நமது கேள்விக்கு நேரடி விடை இருக்கிறது. இந்த ஊசல் பட்டையைக் கழற்றிப் பழைய ஸ்பிட்ஃபயரில் மாட்டலாம். இடம் பொருந்தும். ஆனால் பின்பக்கம் சாய்வை எதிர்ப்பதை நிறுத்திவிட்டால், அந்த வேலையை யார் செய்வது? வண்டி வளைவில் படகுபோல் சாயும். இதை அறிந்தே நிறுவனம் நான்காம் ஸ்பிட்ஃபயரின் முன்பக்கத்தில் சாய்வைத் தடுக்கும் குறுக்குக் கம்பியைத் தடிமனாக்கியிருந்தது. பின்பக்கப் பட்டையும் முன்பக்கக் கம்பியும் ஓரிணை. ஒன்றை எடுத்து மற்றதை விட்டால் மருந்தே நோயாகும்.

எஞ்சினை மாற்றுவதும் இப்படித்தான். ஜி.டி.6-இன் ஆறு சிலிண்டர் எஞ்சினை ஸ்பிட்ஃபயரில் இறக்க முடியும். ஆனால் அது கனமானது; முன்பக்க வில்கள் தாழும். உயரமானது, மூடி இடிக்கும். அதிக வெப்பம் வெளியிடுவது. பெரிய ரேடியேட்டர் கேட்கும். அதிக வேகம் தருவது, ஜி.டி.6-இல் முன் பிரேக் தட்டுகள் பெரிதாக இருப்பது அதனால்தான். ஒரு நூலை இழுத்தால் முழுத்துணியும் சுருங்குவதுபோல, ஓர் உறுப்பை மாற்றினால் வண்டி முழுவதும் அசைகிறது.

சென்னை கண்ட விடை

நம் ஊர் ஹெரால்டுக்கு வருவோம். இங்கே சிக்கல் வேகமல்ல, பாரம். நான்கு பேருக்கான காரில் ஆறு பேர், பெட்டி படுக்கைகள், குண்டும் குழியுமான சாலை. உடல் தாழ்ந்து பின் சக்கரங்கள் அகன்று நிற்கும். 60 செ.மீ. நீளமுள்ள அரை அச்சில் உடல் 6 செ.மீ. தாழ்ந்தால், சக்கரம் ஏறத்தாழ 6 பாகை சாயும். அப்படிச் சாய்ந்து ஓடும் டயரின் உள்விளிம்பு மட்டும் விரைவில் தேயும். வண்டி வாங்குவோரும் மெக்கானிக்குகளும் இந்த ஊசல் அச்சை விரும்பவில்லை.

ஆகவே 1972-இல் ஹெரால்டின் அடிப்படையில் பெருங்களத்தூர் ஆலை வெளியிட்ட 'ஸ்டாண்டர்டு கெஸல்' காரில் ஊசல் அச்சு நீக்கப்பட்டு, லாரியில் உள்ளதுபோல் ஒரே துண்டான பின் அச்சு வைக்கப்பட்டது. இங்கிலாந்தில் பொறியாளர்கள் ஊசலைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சென்னையில் அதை எடுத்தே விட்டார்கள். பாரம் ஏறினாலும் இறங்கினாலும் சக்கரங்கள் நிமிர்ந்து நிற்கும். எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்கலாம்.

இது பின்னோக்கிய அடியா? புத்தகத்தில் படித்தால் அப்படித் தோன்றும். ஒரே துண்டு அச்சில் டிஃபரன்ஷியலின் முழு எடையும் சக்கரங்களோடு சேர்ந்து துள்ளுகிறது. நிறை மிகுந்தால் நிலைமம் மிகும். குழியில் விழுந்த சக்கரம் விரைந்து தரையைத் தொடாது; வண்டி குலுங்கும். மெல்லிய சொகுசை இழந்து, உறுதியையும் டயரின் ஆயுளையும் பெற்றார்கள். நல்ல சாலையில் இரண்டு பேர் விரைந்து செல்லும் வண்டிக்கு ஒரு விடை. ஆறு பேர் ஏறும் குடும்ப வண்டிக்கு வேறொரு விடை. எது உயர்ந்தது என்று கேட்பதைவிட எதற்கு என்று கேட்பதே பொறியியல்.

ஒரே எஞ்சின், மூன்று வாழ்க்கை

இன்னொரு வரலாறும் உண்டு. 1947-இல் 'ஸ்டாண்டர்டு வேன்கார்டு' என்ற குடும்பக் காருக்காகச் செய்யப்பட்ட நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று. அதே வகை எஞ்சின் ஃபெர்குசன் டிராக்டரிலும் பொருத்தப்பட்டது. 1953-இல் கொள்ளளவு 1991 கன செ.மீ. ஆகச் சிறிதாக்கப்பட்டு 'டிரயம்ஃப் டி.ஆர்.2' என்ற விளையாட்டுக் காரிலும் அது ஏறியது. அவ்வாண்டு பெல்ஜியத்தின் ஜபெக்கே நெடுஞ்சாலையில் நடந்த வேகச் சோதனையில், சிறப்பாக ஆயத்தம் செய்யப்பட்ட டி.ஆர்.2 ஒன்று மணிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தைத் தொட்டது! ஏர் உழுததும் பறந்ததும் ஒரே மரபு எஞ்சின். வேறுபாடு எங்கே? வண்டியின் எடையிலும் கியர் விகிதங்களிலும். டிராக்டரில் சுழற்சியை மிகவும் குறைத்து விசையைப் பெருக்கினர். சிறிய, எடை குறைந்த விளையாட்டுக் காரில் சுழற்சியைக் காத்தனர்.

அந்த எஞ்சின் மூன்றாவது முறையாக 1985-இல் சென்னையில் எழுந்தது. 1976-இல் இங்கிலாந்தில் வந்த 'ரோவர் எஸ்.டி.1' என்னும் பெரிய, அழகிய காரின் உடலை எடுத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் செய்தார்கள். அங்கே அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 155 குதிரைத்திறன். இங்கே அந்த உடலுக்குள் வைத்தது வேன்கார்டு மரபில் வந்த 1991 கன செ.மீ. எஞ்சின், திறன் ஏறத்தாழ 83. எஞ்சின் இடத்தில் அமர்ந்தது, ஓடியது. ஆனால் சுமக்கும் உடலுக்கு ஏற்ற திறன் இல்லை. விலையோ அதிகம். 1988-இல் அதன் உற்பத்தி நின்றது, ஆலையும் மூடப்பட்டது. எத்தனையோ பேரின் பிழைப்பு அந்த ஆலையில் இருந்தது. பொருந்தாச் சேர்க்கை என்பது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று என்பதற்காக இதைச் சொல்லுகிறோம்.

மாற்றும் முன் நான்கு கேள்விகள்

நாளை உங்களில் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் பட்டறை வைப்பீர்கள். பலர் இருசக்கர வண்டி ஓட்டுவீர்கள். பின் பல்சக்கரத்தை மாற்று, வேகம் கூடும். வில்லை உயர்த்து, அழகாக இருக்கும். அகல டயர் போடு என்று ஆலோசனை சொல்வோர் நிறையப் பேர் இருப்பர். அப்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

இந்த உறுப்பு முன்பு இருந்த இடத்தில் எதோடு இணைந்து வேலை செய்தது? அந்தத் துணை இங்கே இருக்கிறதா? இது தரும் கூடுதல் விசையை அல்லது வேகத்தை அடுத்த உறுப்பும் பிரேக்கும் தாங்குமா? வண்டி காட்டும் அளவுகள் இனியும் உண்மையாக இருக்குமா?

சட்டமும் இதில் தலையிடுகிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறிவிடும்படி வண்டியை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது. அலுவலகத்தார் இடும் தடை என்று மட்டும் இதை எண்ணாதீர்கள். 80 காட்டி 100-இல் ஓடும் வண்டிக்கு எதிரே சைக்கிளில் வருவது நீங்களாகவும் இருக்கலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் சைக்கிளின் முன் பல்சக்கரத்திலும் பின் ஃப்ரீவீலிலும் உள்ள பற்களை எண்ணுங்கள். பின் சக்கரத்தில் சுண்ணாம்புக் குறியிட்டு, ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். முன்னே 44, பின்னே 18, தூரம் 2.2 மீட்டர் என்றால், பெடலை ஒரு முறை சுற்றினால் 44 ÷ 18 × 2.2 = 5.4 மீட்டர் போகலாம். பின்னே 22 பற்கள் உள்ளதை மாட்டினால் 4.4 மீட்டர்தான், ஆனால் மேடு ஏறுவது எளிது. சைக்கிள் கடைக்காரரிடம் அப்படி மாற்றினால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். பெரிய பல்சக்கரத்துக்குப் பழைய செயின் குட்டை; சக்கரத்தை முன்னே நகர்த்த வேண்டும்; சக்கரம் நகர்ந்தால் பிரேக் கட்டை விளிம்பில் சரியாகப் படாது; அதையும் திருத்த வேண்டும். நான்கே பற்களைக் கூட்டினோம். வேலை பிரேக் வரை போய்விட்டது, பார்த்தீர்களா?

கணக்குகள்

1. பினியனில் 9 பற்கள், கிரௌன் வீலில் 35 பற்கள். சக்கரம் ஒரு சுற்றில் 1.75 மீட்டர் நகரும். உச்ச கியரில் மணிக்கு 60 கி.மீ. செல்லும்போது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும்?

2. 3.89 விகிதத்துக்கு ஏற்ற வேகமானி உள்ள காரில் 3.27 விகிதமுள்ள அச்சை மாட்டினார்கள். முள் 60 காட்டும்போது உண்மை வேகம் என்ன?

3. ஊசல் அச்சுள்ள காரின் உடலைத் தாழ்த்தி மூட்டின் உயரத்தை 30 செ.மீ.-லிருந்து 20 செ.மீ. ஆக்கினார்கள். அரை அச்சு 60 செ.மீ., பக்கவாட்டு விசை 2000 நியூட்டன். தூக்கும் விசை எவ்வளவு? பந்தயக்காரர்கள் இத்தகைய கார்களைத் தாழ்த்துவது ஏன்? நம் கிராமச் சாலையில் அப்படித் தாழ்த்தினால் என்ன இடையூறு?

விடைகள்: 1. ஏறத்தாழ 2222 முறை. 2. மணிக்கு 71 கி.மீ.க்குச் சற்று மேல். 3. ஏறத்தாழ 667 நியூட்டன்; முன்பு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு. கடைசி இரண்டு கேள்விகளுக்கும் விடையை நீங்களே உங்கள் ஆசிரியருடன் விவாதித்து எழுதுங்கள்.